காலைத் தட்டிட்டு ஏறுங்க மாமா

மாப்ளே, கோவிச்சுக்கிடக் கூடாது. முந்தாநாள் பஸ் ஸ்டாண்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போக கார் கொண்டுவந்தீரு. கதவத் திறந்ததும் வாங்கன்னுகூடச் சொல்லல, "காலைத் தட்டிட்டு ஏறுங்க மாமா"ன்னீரு. தட்டினேன். செருப்பக் கையில எடுத்தே தட்டினேன். குனிஞ்சு பார்த்தா கீழ ஒரு வெள்ளப் பேப்பர், அதுல ரெண்டு பாதம் அச்சடிச்சுக் கிடக்கு. கோகுலாஷ்டமிக்கு உம்ம அத்தை வாசப்படியில இருந்து அரிசி மாவுல கண்ணன் கால் போடுவாள்ல, அதே மாதிரி. மிதிக்கவா, கும்பிட்டுட்டுத் தாண்டவான்னு ஒரு நிமிசம் முழிச்சுப்போனேன்.

வழியில நீரு டீ குடிக்க இறங்கின நேரம், உம்ம பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தேன். வெள்ளப் பேப்பர் அழுக்காயிரக் கூடாதுன்னு அது மேல ஒரு தினசரிப் பேப்பர். வெள்ளப் பேப்பருக்குக் கீழ ரப்பர் மேட். அதுக்குக் கீழ கம்பெனிக்காரன் குடுத்த துணி மேட். அதுக்கும் கீழதான் கார்ப்பெட். வெங்காயம் உரிக்க மாதிரி ஒண்ணொண்ணா உரிச்சேன். கடைசியில கண்ணுல தண்ணியும் வந்துட்டு, வாடை அப்படி. அந்த வாடைக்குப் பிறகு வாரேன்.

டீடெய்லிங் பண்ணுனேன் டீடெய்லிங் பண்ணுனேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீரு. சீட்டு, கூரை, கார்ப்பெட்னு எல்லாத்துலயும் நுரையப் போட்டுத் தேய்ச்சு, வேக்குவத்துல உறிஞ்சி, டேஷ்போர்டுக்குப் பாலீஷ் போட்டுக் குடுத்தானாம். பொங்கலுக்கு நம்ம வீட்டுப் பொம்பளைக செய்யுத வேலைதான். வெள்ளையடிக்கல, அவ்வளவுதான். சரி, செஞ்ச வேலை நல்ல வேலை, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கடையில விரிச்ச அந்தப் பேப்பர் யாருக்குன்னு நினைச்சீரு? கடைப் பையன் கிரீஸ் ஒட்டின பூட்ஸோட ஏறி, வண்டிய உள்ளருந்து வாசலுக்குக் கொண்டு வரணும். தேய்ச்ச இடத்துல அவன் காலே படக் கூடாதுன்னு விரிக்கான். பந்தியில இலை போடுற மாதிரி. சாப்பிட்டா மடக்கி எறியணும். நீரு இலையக் கழுவிக் காயப்போட்டு, மூணு வாரமா அதுலயே சாப்பிடுதீரு.

உம்ம அப்பாவும் இப்படித்தான். என் தங்கச்சியக் கட்டினப்போ நாங்க ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்தோம். பாருல சுத்தியிருந்த பாலிதீன உரிக்கவே விட மாட்டாரு. யாராவது கை வச்சா மாமியார் வீட்டு மேலயே கை வச்ச மாதிரி பார்ப்பாரு. மூணு ஐப்பசி தாண்டுச்சு. பாலிதீன் தானாக் கிழிஞ்சு தொங்குன அன்னைக்கு உள்ள பார்த்தா பச்சைப் பெயிண்டக் காணோம், பார் பூராவும் துரு. உள்ள போன மழைத்தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. என் பழைய சைக்கிள் அதே மழையில நனைஞ்சு அதே வெயில்ல காஞ்சு, நல்லாத்தான் கிடந்துச்சு. இதச் சொன்னதுக்கு அவரு ஒரு மாசம் எங்கிட்டப் பேசல. நீரு எத்தனை நாளுன்னு பார்ப்போம்.

இப்போ வாடைக்கு வாரேன். நுரை போட்டுத் தேய்ச்ச கார்ப்பெட்டு மேல தொட்டாக் காஞ்ச மாதிரித்தான் இருக்கும். அடியில பஞ்சு மாதிரி ஒரு மெத்தை இருக்கு பாரும், அது தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருக்கும். நீரு வண்டி எடுத்த அன்னைக்கு மூடாப்பு. அன்னைக்கே மேட்டு மேல மேட்டப் போட்டு, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டீரு. பூஞ்சை பிடிக்காம என்ன செய்யும்? வாடைய அமுக்க ஒரு செண்டு பாட்டில வேற தொங்கவிட்டிருக்கீரு. குளிக்காம பவுடர் அடிச்ச கதை. எல்லாத்தையும் வெளிய எடும். வெயில் சுள்ளுன்னு அடிக்கிற அன்னைக்கு நாலு கதவையும் திறந்து போடும். உளுந்து எப்படிக் காய வைப்போம்? மேல காஞ்சுட்டுன்னு மூட்டை கட்டுவோமா? கைய உள்ள விட்டு அடியில தொட்டுப் பார்ப்போம்ல, அப்படித் தொட்டுப் பாரும்.

இதுவரைக்கும் கேலி. அடுத்துச் சொல்லப்போறது கேலி இல்ல. ரயில்வே கேட்டுக்கிட்ட நீரு பிரேக்கப் போட்டப்போ 'சரக்'குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. உம்ம காலடிப் பேப்பர் சுருண்டு பிரேக்குக்குக் கீழ போயிட்டு. நீரு கவனிக்கல, நான் கவனிச்சேன். பேரன்கிட்டச் சொன்னேன், அவன் போன்ல படிச்சுக் காட்டினான். 2009-ல அமெரிக்காவுல, கலிபோர்னியாவுல, ஷோரூம்காரன் இரவல் குடுத்த லெக்ஸஸ் கார். வேற மாடலுக்கு உள்ள கெட்டி ரப்பர் மேட்ட அதுல போட்டிருக்கான், கொக்கியிலயும் மாட்டல. ஆக்ஸிலேட்டர் அதுல சிக்கி, வண்டி நிக்காமப் போய் நாலு உசுரு போச்சு. ஓட்டினவரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரரு, ஓட்டத் தெரியாதவரு இல்ல. பிறகு அந்த வண்டியச் செஞ்ச டொயோட்டாக்காரன் இந்த மேட்டு விசயத்துக்காக 38 லட்சம் வண்டிகளத் திருப்பிக் கூப்பிட்டிருக்கான். கனமான மேட்டே அப்படின்னா, காத்துக்குப் பறக்கிற பேப்பரக் கேக்கணுமா? ஓட்டுற ஆளு காலடியில பேப்பரும் வேண்டாம், பாலிதீனும் வேண்டாம், ரெண்டு மேட்டும் வேண்டாம். அந்த வண்டிக்குன்னு செஞ்ச ஒத்த மேட்டு, அதுவும் கொக்கியில மாட்டி. இதுல மட்டும் மாமன் பேச்சக் கேளும்.

மத்த இடத்துல பேப்பர் போடணுமா, போட்டுக்கிடும். கல்யாணம் காட்சின்னு சொந்தபந்தத்த ஏத்துற அன்னைக்குப் போட்டு, அன்னைக்கு ராத்திரியே எடுத்து எறிஞ்சிரும். தினசரிப் பேப்பர் மட்டும் ஆகாது. நனைஞ்சா மை கார்ப்பெட்டுல ஒட்டும், தலைப்புச் செய்திய மிதிச்சுக்கிட்டே போகலாம். நம்ம கரிசலுக்குப் பயந்துதான இவ்வளவும்? பிறந்த மண்ணுக்கே பயந்தா எப்படி? ஈரத்துல துடைச்சாத்தான் அது களி கிண்டின மாதிரி இழுவும். காய விட்டு, ரப்பர் மேட்ட வெளிய எடுத்து நாலு தட்டுத் தட்டினா, பொரிகடலை மாதிரி உதுந்துரும். மழை நாளுக்கு டிக்கியில ஒரு பழைய சாக்கு கிடக்கட்டும். ஏறும் முன்ன காலத் துடைக்க அத மிஞ்சின சாமான் எந்தக் கடையிலயும் இல்ல.

கடைக்காரன் குடுத்த பேப்பர்ல இன்னும் நாலு பிரிக்காம வச்சிருக்கீராம், உம்ம பொண்டாட்டி சொன்னா. அத வீணாக்க வேண்டாம். வர்ற சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. விடியக்காலம் மூணு மணிக்கு வண்டிய எங்க வீட்டு வாசலுக்குக் கொண்டாரும். ரெண்டு வெள்ளாடு. பின்சீட்டுக்குக் கீழ அந்த நாலையும் நல்லா அகலமா விரிச்சு வையும். ஆடு காலைத் தட்டிட்டு ஏறாது.