குடிக்காத கல்லாப் பாரு மருமவனே

மருமவனே, தூத்துக்குடியில வீடு கட்டுதேன்னு சொன்னே, சந்தோசம். அடுக்களை மேடைக்கு என்ன கல்லு போடலாம்னு என்கிட்ட கேட்டே, அதைவிடச் சந்தோசம். கேட்ட கையோட போன்ல படம் ஒண்ணும் அனுப்பிட்டே. வெள்ளை வெளேர்னு மார்பிள் மேடை. மேல ஒத்தை எலுமிச்சம்பழம். பக்கத்துல பூச்சாடி. அடுப்பு எரிஞ்சதுக்கு அடையாளமே காணோம். அந்த வீட்டுல ஓட்டல்ல வாங்கித்தான் சாப்பிடுதாங்க போலிருக்கு. நீயும் அப்படித்தான்னா தாராளமாப் போடு, நான் குறுக்க நிக்கலை.

ஆனா அந்த எலுமிச்சம்பழத்தை நல்லாப் பாரு. அறுக்காம வச்சிருக்கான். வெவரமானவன்! மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல்லு, புளிப்பு பட்டா கரையும். ஒரு சொட்டுச் சாறு விழுந்து, துடைக்க மறந்தா, மினுமினுப்பு போயி அங்கன மங்கலா ஒரு வட்டம் நிக்கும். அது கறையில்ல, தேய்ச்சாப் போறதுக்கு. கல்லே அரிச்சுப் போயிருக்கும். மக்ரானா மார்பிள்ல தாஜ்மகாலே கட்டுனாங்களேன்னு கேப்பே. கட்டுனாங்க, வாஸ்தவம். ஆனா ஷாஜகான் அதுக்குள்ள மீன் குழம்பு கூட்டலையே. உங்க வீட்டுல வாரத்துல நாலு நாள் புளி கரைக்காங்கல்லா?

கடப்பாக்கல்லு மலிவுன்னு கொத்தனார் சொல்லுவாரு. மலிவுதான். கருப்பா இருக்கதுனால கிரானைட்டுக்குத் தம்பின்னு நினைச்சுராதே. அதுவும் சுண்ணாம்புக் கல்லு வகைதான், புளிக்குப் பயப்படும். மேடைக்கு அடியில தட்டு வைக்க, பானை அடுக்க அதைப் போடு. அங்கன அது ராசா.

நம்ம ஊரு காத்து எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா? உப்பளத்து ஊரு. உப்பு சும்மா கிடக்காது, காத்துல உள்ள ஈரத்தை இழுத்து வச்சிக்கிடும். ஐப்பசி, கார்த்திகையில தீக்குச்சி நமத்துப்போயிப் பத்த மாட்டேங்கும். அப்படிப்பட்ட ஊர்ல மாப்பிள்ளை பாக்கையில முதல்ல எதை விசாரிப்போம்? குடிப்பானான்னு. கல்லையும் அதே மாதிரி விசாரி. நெறம் பொறவு, பளபளப்பு பொறவு. குடிக்குதா, அதைச் சொல்லு.

விசாரிக்க ஆள் அனுப்ப வேண்டாம். கடையில ஒரு துண்டுக் கல்லு கேளு. காயத் துடைச்சு, ஒரு சொட்டுத் தண்ணி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் வச்சு, கால் மணி நேரம் கடைக்காரர்கிட்ட அரசியல் பேசு. பொறவு துடைச்சுப் பாரு. சொட்டு இருந்த இடம் கருத்து நின்னா அது குடிகாரக் கல்லு. மேல மெழுகு பூசி யோக்கியனாக் காட்டியிருப்பாங்க, அதனால முதுகுப் பக்கத்துலயும் வச்சு, ரெண்டு மூணு ரகத்தை ஒப்பிட்டுப் பாரு. கட்டட வேலைக்குன்னு ஏத்துக்கிடுத நல்ல கிரானைட் தன் எடையில 0.4 சதவீதத்துக்கு மேல தண்ணி எடுக்கப்பிடாதுன்னு அளவே இருக்கு.

‘காஷ்மீர் ஒயிட்’னு ஒண்ணைக் காட்டுவாங்க. பனி மலையிலருந்து இறங்கி வந்திருக்குன்னு நீ கன்னத்துல போட்டுக்கிடுவே. வெட்டி எடுத்தது நம்ம மதுரைப் பக்கம்! அதுல செவப்பாத் தெரியுத புள்ளி கார்னெட், இரும்புச் சத்து உள்ளது. பாக்க லட்சணமாத்தான் இருக்கும், ஆனா கொஞ்சம் குடிக்கிற ரகம். மஞ்சத் தண்ணியும் எண்ணெயும் உள்ள இறங்கிட்டா எங்க அக்கா உன்னை வீட்டுக்குள்ள விட மாட்டா.

சரி, கருப்பு எடுப்போம்னு போவே. அங்கயும் கண்ணை முழிச்சிருக்கணும். சாம்பல் நெறக் கல்லுக்குச் சாயம் ஏத்திக் கருப்புன்னு விக்கதும் உண்டு. நகப்பூச்சு அழிக்க உன் பொண்டாட்டி ஒரு தண்ணி வச்சிருப்பாள்லா, அதை வெள்ளைத் துணியில தொட்டுக் கல்லை அழுத்தித் தேய். துணி கருத்தா எந்திரிச்சு வந்துரு. சாயம் பூசுத வேலை உன் சின்ன மாமா தலையோட நிக்கட்டும்.

‘குவார்ட்ஸ்’ போடச் சொல்லி உன் கூட்டாளி சொன்னானாமே. அது மலையில விளைஞ்ச கல்லில்லை. பத்துல ஒன்பது பங்கு கல்லுப்பொடி, மிச்சம் பிசின், சேத்து அழுத்திச் செய்யுதாங்க. குடிக்கவே குடிக்காது, அந்த நல்ல குணம் உண்டு. ஆனா பிசினுக்குச் சூடு ஆகாது. தோசைக்கல்லை அடுப்புலருந்து இறக்கி அப்படியே வச்சா தழும்பு விழுந்துரும். வெயில் நேரா அடிக்கிற சன்னலோரம்னா மஞ்சளிக்கும். இன்னொரு சங்கதி: அதை அறுக்கிறவன் நுரையீரலைத் தூசி தின்னுதுன்னு ஆஸ்திரேலியாக்காரன் 2024 ஜூலையிலருந்து அதுக்குத் தடையே போட்டுட்டான். கிரானைட் தூசியும் மருந்தில்ல. எந்தக் கல்லா இருந்தாலும் தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்லு, மூக்குல கட்டச் சொல்லு.

மேடையைப் பாத்துக்கிட்டே கீழ கோட்டை விட்டுராதே. சிங்குக்கு அடியில பார்ட்டிகிள் போர்டுல அலமாரி அடிச்சுத் தாரேம்பாங்க, பேரு மாடுலர். ஓரத்துல ஒட்டுன பட்டை பிரிஞ்சுச்சுன்னா ஈரம் உள்ள போயிப் பலகை ஊதும், கதவு மூடாது. மரம்தான் வேணும்னா, தண்ணி தாங்குத பிளைவுட்டுக்குள்ள ‘ஐ.எஸ். 710’ முத்திரை பலகையில இருக்கான்னு பாத்து வாங்கு. மேடையோட முன் ஓரத்துக்கு அடியில ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லு. வழியுத தண்ணி கல்லோட அடிப்பக்கமா ஊர்ந்து அலமாரிக்குப் போகாம அங்கனயே சொட்டிரும். இதுக்குச் செலவு கம்மி, அதனாலதான் யாரும் உனக்குச் சொல்லலை.

சிங்க் வாங்கையில கடைக்காரர் காந்தத்தை வச்சு, ‘பாத்தீங்களா, ஒட்டலை, அசல் எஸ்.எஸ்.’ம்பாரு. நீயும் தலையாட்டுவே. நிக்கல் குறைச்சு மாங்கனீசு கூட்டின 202லயும் காந்தம் ஒட்டாது வே! கடக்காத்துக்கு முதல்ல துரு ஏறுதது அதுலதான். 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல் உள்ள 304ன்னு பில்லுல எழுதி வாங்கு. கடல் வாசல்லயே இருந்தா, காசும் இருந்தா, 316.

உங்க ஆச்சி அம்மியை நினைச்சுப் பாரு. கருங்கல்லு. மஞ்சள், மிளகாய், புளின்னு அத்தனையும் அரைச்சு, கழுவிக் கவுத்துனா, அடுத்த நாளும் அதே கல்லுதான். அதைக் கொண்டுபோயி தோட்டத்துல போட்டுட்டு, கல்லு எதுன்னு ஊரெல்லாம் கேட்டு அலையுதே.

ஆக, என் தீர்ப்பு இதுதான்: சாயம் போகாத, தண்ணி குடிக்காத கருப்பு கிரானைட், முக்கால் இஞ்சு கனம், 304 சிங்க், கீழ கடப்பாக்கல் தட்டு. மிச்சப்படுத காசுல புகை வெளிய போக நல்ல காத்தாடி ஒண்ணு மாட்டு. எந்தக் கல்லு போட்டாலும் ராத்திரி சமையல் முடிஞ்சதும் மேடையைக் காயத் துடைச்சாத்தான் அது நிலைக்கும். அந்த வேலை உன் பொண்டாட்டிக்குன்னு நான் எங்கயும் சொல்லலை. துணியை நீ எடு மருமவனே.