ஏழு அதிசயங்களின் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: 2007இல் ஓட்டுப் போடத் தவறிய ஒருவன், தமிழ்நாடு.

பெறுநர்: தலைவர் அவர்கள், நியூ செவன் ஒண்டர்ஸ் அறக்கட்டளை, சுவிட்சர்லாந்து.

பொருள்: மச்சு பிச்சுவின் உலக அதிசயப் பட்டம் ஆட்டம் காண்பது – பட்டத்தைத் தயவுசெய்து பறித்துக்கொள்ள வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் எச்சரிக்கை அறிக்கை, செப்டம்பர் 2025.

ஐயா,

பார்வையில் கண்ட அறிக்கையைப் படித்தேன். மச்சு பிச்சுவில் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை, விலை ஏறிவிட்டது, டிக்கெட் விற்பனையில் முறைகேடு, உள்ளூர்த் தகராறு ஓயவில்லை, இப்படியே போனால் உலக அதிசயம் என்ற நம்பகத்தன்மையையே அது இழக்க நேரிடும் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். கூட்டத்தைக் கூட்டியவரே 'கூட்டம் அதிகமாகிவிட்டது' என்று புகார் கொடுப்பதை எங்கள் ஊர் அரசியலில்கூட நான் கண்டதில்லை. பெரு நாட்டின் பண்பாட்டு அமைச்சகம், இதற்கெல்லாம் யுனெஸ்கோ இருக்கிறது, நீங்கள் யார் என்ற தோரணையில் பதில் சொல்லியிருக்கிறது. நன்றி கெட்டவர்கள். 2007இல் பட்டம் கொடுத்தபோது அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் யார் என்று கேட்பவர்களுக்காக, பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

7.7.2007. லிஸ்பனில் பென்ஃபிகா கால்பந்து மைதானம். பென் கிங்ஸ்லி, ஹிலாரி ஸ்வாங்க், நம் பிபாஷா பாசு ஆகியோர் மேடையில் நின்று தேர்தல் முடிவை அறிவித்தார்கள். சீனப் பெருஞ்சுவர், பெட்ரா, ரியோவின் மீட்பர் கிறிஸ்து சிலை, மச்சு பிச்சு, சிச்சென் இட்சா, கொலோசியம், தாஜ்மகால் ஆகிய ஏழும் வெற்றி. மொத்தம் 10 கோடி ஓட்டு பதிவானதாகச் சொன்னீர்கள். தோற்றவர்களில் அங்கோர் வாட் உண்டு, ஈஸ்டர் தீவு உண்டு, ஸ்டோன்ஹெஞ்ச் உண்டு. 1931இல் திறக்கப்பட்ட கான்கிரீட் சிலையிடம் அங்கோர் வாட் தோற்றதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. தவிர, பிரேசிலின் மகேசனுக்காக அதிபர் லூலாவே ஓட்டுக் கேட்டார்.

தேர்தல் நடத்திய விதம்தான் என்னை மெய்சிலிர்க்க வைத்தது. இணையத்தில் பதிவு செய்தால் இலவச ஓட்டு. அதற்குமேல் போட ஆசையிருந்தால் காசு கொடுத்து வாங்கலாம். தொலைபேசியில் என்றால் விரல் வலிக்கும்வரை போடலாம். எங்கள் ஊரில் ஓட்டுப் போடுகிறவருக்கு வேட்பாளர் காசு கொடுப்பார். ஓட்டுப் போடுகிறவரிடமே காசு வாங்கலாம் என்பது ஓட்டுக்குக் காசு கொடுப்பதில் பேர்போன திருமங்கலம் இடைத்தேர்தலுக்கும் எட்டாத யோசனை. பெட்ரா இருக்கும் ஜோர்டானின் மக்கள்தொகை அன்று 70 லட்சத்துக்கும் கீழே. அங்கிருந்து விழுந்த ஓட்டு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் என்று செய்தி வந்தது. கைக்குழந்தைகளும் இரண்டிரண்டு ஓட்டுப் போட்டால்தான் இது கணக்கில் வரும். விரலில் மை வைக்கும் எங்கள் பழக்கத்தை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

அத்தனை ஓட்டிலும் பெட்ராவின் குகைகளிலேயே குடியிருந்த பதூல் பெதுவின் மக்களின் ஓட்டு எத்தனை என்று தனியாகத் தெரியாது. 1980களிலேயே அவர்களைக் குகைகளிலிருந்து கிளப்பி, பக்கத்தில் உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்பில் வைத்துவிட்டார்கள். தொகுதியில் குடியிருப்பவருக்கும், உலக வரைபடத்தில் தொகுதி எங்கே என்று தெரியாதவருக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டு. இதைவிடச் சமத்துவம் உண்டா?

எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. தாஜ்மகாலுக்காக இந்தியா முழுக்க எஸ்.எம்.எஸ். பறந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டே போட்டார், தமிழ் உட்படப் பல மொழிகளில். தேசபக்தியை இவ்வளவு மலிவாக, ஒரு குறுஞ்செய்தி விலைக்கு, அதற்குமுன் யாரும் விற்றதில்லை. ஷாஜகானின் கட்டடக்காரர்கள் இருபது ஆண்டுக்குமேல் உழைத்ததை மிச்சம் மீதி இல்லாமல் முடித்துக் கொடுத்தது நாங்கள்தான் என்று ஜூலை 8ஆம் தேதி காலையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

இனி கீசா பிரமிடு. கிரேக்கர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்குமுன் எழுதிவைத்த ஏழு அதிசயங்களில் ஆறு மண்ணோடு மண்ணாகிவிட்டன. பாக்கி நிற்பது அது ஒன்றுதான். அதையும் நீங்கள் வேட்பாளர் பட்டியலில் சேர்த்து, ஐஃபெல் கோபுரத்தோடு போட்டி போடச் சொன்னீர்கள். எகிப்து கொதித்தது. அவர்களின் பண்பாட்டு அமைச்சர் ஃபரூக் ஹொஸ்னி இதை அபத்தம் என்றார். உடனே பிரமிடுக்குக் 'கௌரவ' இடம் கொடுத்துப் போட்டியிலிருந்து விலக்கினீர்கள். டெபாசிட் போய்விடுமோ என்ற பயத்தில் மூத்த தலைவரை மாநிலங்களவைக்கு அனுப்பிவைக்கும் எங்கள் கட்சிகளின் சாமர்த்தியம் உங்களுக்கும் கைவந்திருக்கிறது.

திம்புக்டு ஞாபகம் இருக்கிறதா? கடைசி 21 பேரில் அதுவும் ஒன்று. சஹாரா ஓரத்து மண் பள்ளிவாசல்கள், வீட்டுப் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்த கையெழுத்துச் சுவடிகள். 2007இல் மாலி நாட்டில் எத்தனை பேரிடம் இணையம் இருந்திருக்கும், எத்தனை பேருக்குக் காசு கொடுத்து இரண்டாவது ஓட்டுப் போடும் வசதி இருந்திருக்கும்? இது உலகத்தின் கருத்தல்ல, இணையம் உள்ளவர்களின் கருத்து என்று யுனெஸ்கோ அப்போதே அறிக்கை விட்டு ஒதுங்கிக்கொண்டது. திம்புக்டு தோற்றது. 2012இல் ஆயுதக் குழுக்கள் புகுந்து அங்கிருந்த சூஃபி ஞானிகளின் அடக்கத்தலங்களைக் கடப்பாரையால் இடித்தன. உள்ளூர்க் கொத்தனார்கள் பழைய முறைப்படியே மண்ணைக் குழைத்து, 2015க்குள் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். சுவடிகளை இரும்புப் பெட்டிகளில் போட்டு லாரியிலும் படகிலும் கடத்திக் காப்பாற்றியதும் அந்த ஊர்க்காரர்கள்தான். இதற்கெல்லாம் ஓட்டு இல்லை என்பது விதி. விதியை நான் குறை சொல்லவில்லை.

அடுத்த தேர்தல்களில் நீங்கள் இன்னும் தேறிவிட்டீர்கள். இயற்கை அதிசயங்களுக்கான 2011 தேர்தலில், செலவு தாங்கவில்லை, கேட்கும் தொகை லட்சக்கணக்கான டாலராக ஏறிக்கொண்டே போகிறது என்று மாலத்தீவு வேட்புமனுவை வாபஸ் வாங்கிக்கொண்டது. விழா நடத்தும் உரிமைக்குக் கேட்ட கோடிக்கணக்கான டாலரைக் கொடுக்க முடியாது என்று இந்தோனேசிய அமைச்சகமும் கையை உதறியது. ஆனாலும் கொமோடோ ஜெயித்தது. உடும்புக்கே சொந்தச் செல்வாக்கு இருந்திருக்கிறது. கொரியாவின் ஜெஜு தீவில் அரசு ஊழியர்களே அலுவலகத்தில் உட்கார்ந்து போன் போட்டு ஓட்டுக் குத்தினார்கள். மாகாண அரசின் போன் பில் 2,000 கோடி வொன்னைத் தாண்டியது. தீவு ஜெயித்தது. தொலைபேசி நிறுவனமும் ஜெயித்தது. 2014இல் நகரங்களுக்கும் தேர்தல் வைத்தீர்கள். கோலாலம்பூரும் டர்பனும் வென்றன. இரண்டிலும் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு பெருமைச் செய்திகூட வரவில்லை. பிரச்சாரத்தில் எங்கோ கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

தில்லி மாநகராட்சிக்காரர்களைப் பற்றியும் ஒரு புகார். 2019இல் சராய் காலே கான் பக்கத்தில் பழைய இரும்புச் சாமானில் ஏழு அதிசயங்களைச் செய்து பூங்கா திறந்தார்கள். எந்த ஏழு? தாஜ்மகால், கொலோசியம், கிறிஸ்து சிலை வரைக்கும் உங்கள் பட்டியல். மற்ற நான்கையும் தூக்கிக் கடாசிவிட்டு பிரமிடு, ஐஃபெல் கோபுரம், சுதந்திரதேவி சிலை, பைசா கோபுரம். பைசா உங்கள் கடைசி 21இலேயே கிடையாது! பத்துக் கோடி ஓட்டை இப்படிக் காயலான் கடையில் வைத்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே செல்ஃபி எடுக்கிற குடும்பங்களில் ஒருவரும் ஆட்சேபிப்பதாகத் தெரியவில்லை.

இப்போது மனுவின் சாரத்துக்கு வருகிறேன்.

மச்சு பிச்சுவில் இன்று ஒரு நாளைக்கு 4,500 பேர், நெரிசல் நாட்களில் 5,600 பேர் என்று கணக்கு வைத்து உள்ளே விடுகிறார்கள். இந்த வழியாகப் போ, இந்த நேரத்துக்குள் வெளியே வா, திரும்பி நடக்காதே. உங்கள் அறிக்கை வந்த அதே மாதத்தில், மலையேறும் பஸ்ஸை எந்தக் கம்பெனி ஓட்டுவது என்ற சண்டையில் உள்ளூர்க்காரர்கள் ரயில் பாதையை மறித்தார்கள். நூற்றுக்கணக்கான பயணிகள் மலையடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் பட்டத்தால் வந்த வருமானத்துக்கான சண்டையையே பட்டத்துக்கு இழுக்கு என்கிறீர்கள். ஆக்ராவிலோ, தாஜ்மகாலுக்குள் மூன்று மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது என்று 2018இல் விதி வந்தது. பார்த்தே தீரவேண்டிய இடம், ஆனால் ரொம்ப நேரம் பார்க்கக் கூடாது. கொலோசியத்தின் சுவரில் 2023இல் ஒரு பயணி தன் பெயரையும் காதலியின் பெயரையும் சாவியால் கீறினார். அந்தக் கலையில் எங்கள் மலைக்கோட்டைகளைப் பார்த்து ரோமாபுரி இன்னும் நிறையக் கற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஐயா, மிரட்டியதோடு நிறுத்திவிடாதீர்கள், பறித்துவிடுங்கள். மச்சு பிச்சுவில் தொடங்கி ஏழிடமும் பட்டத்தைப் பறித்து, தகுதி நீக்கச் சான்றிதழ் ஒன்று அச்சடித்து, விழா எடுத்து வழங்குங்கள். அதற்கும் பிபாஷா பாசுவை அழைக்கலாம். கட்டணம் வையுங்கள். நகரத்துக்குள் நுழைய நாள் கட்டணம் வசூலித்துப் பார்த்தும் கூட்டம் குறையாத வெனிஸ் வரிசையில் முதலில் நிற்கும், பார்சலோனா கேட்ட தொகையைக் கொடுக்கும். பட்டம் கொடுத்துச் சம்பாதித்ததைவிடப் பறித்துச் சம்பாதிக்கலாம் என்பது என் பணிவான கணிப்பு.

மறுதேர்தல் வைத்தே தீருவேன் என்றால் ஒரேயொரு திருத்தம் கேட்கிறேன். வேட்பாளர் இடங்கள் இருபத்தொன்றையும் நேரில் பார்த்தவருக்கு மட்டும் ஓட்டுரிமை. தாஜ்மகாலைத் தவிர எதையும் பார்க்காத என் பெயர் வாக்காளர் பட்டியலில் வராது, எனக்கு அதில் வருத்தமில்லை. மொத்தம் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர், வரிசையில் நின்ற கால்வலியில், நோட்டாவுக்குத்தான் குத்துவார்கள்.

இம்மனுவின் மீது நடவடிக்கை எடுக்கும் உத்தேசமிருந்தால் சாதாரணத் தபாலிலேயே தெரிவிக்கவும். எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டாம், அதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாக்காளர் பட்டியலில் இல்லாதவன்.

நகல்: 1. பண்பாட்டு அமைச்சகம், லிமா. 2. கீசா பிரமிடு (கௌரவ உறுப்பினர்) – தகவலுக்காக மட்டும்.