கல்லோயாவின் படிக்கட்டு

மட்டக்களப்பு வயற்காரருக்குத் திட்டமிடத் தெரியாது என்பது பெரிய இடத்து அபிப்பிராயம். போகத்துக்குப் போகம் கூட்டம் வைப்பார்கள். எப்போது விதைப்பது, யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர் என்று நிலக்காரப் போடியார்மார் தொண்டை கிழியக் கத்துவார்கள். தண்ணீர் பங்கீட்டைப் பார்க்க வட்டவிதானை ஒருவரைத் தெரிவு செய்வார்கள். போன முறை பிழையாய்ப் போனதை இந்த முறை மாற்றுவார்கள். இந்தச் சந்தைக்கடைக் கூச்சலுக்கு 1856-இல் ஆளுநர் ஹென்றி வார்ட் சட்ட அந்தஸ்தும் கொடுத்துத் தொலைத்தார்.

1949-இல் நாகரிகம் வந்தது. பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா, அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்குத் திட்டத்தை மாதிரியாக வைத்துக் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தார். நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் அந்தக் கல்லோயா ஆற்றை இங்கினியாகலையில் மறிக்க மொரிசன்-நட்சன் கம்பனி இயந்திரங்களோடு வந்திறங்கியது. முதலில் அளவை, பிறகு அணை, பிறகு வாய்க்கால், பிறகு குடியேற்றம், ஆகக் கடைசியில் வெள்ளாமை. ஒரு படி இறங்கினால் ஏறிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

குளம் பெரியது, கணக்கு அதைவிடப் பெரியது. கணக்குப் போட்ட அளவுக்கு ஆறு தண்ணீர் கொண்டுவரவில்லை. தலைமடையில் வயல் மிதந்தது, கடைமடையில் வெடித்தது. மதகுக் கதவுகள் பழுதாகின. வரைபடம் மட்டும் புத்தம் புதிதாகவே இருந்தது. 1956 இனக்கலவரத்தில் அந்தக் குடியேற்றங்களில் விழுந்த உயிர்கள் பகிடிக்கு அப்பாற்பட்டவை.

1970-இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் மென்பொருளுக்கும் இதே படிக்கட்டை வரைந்தார்: தேவை, ஆய்வு, வடிவமைப்பு, நிரல், சோதனை, பாவனை. வரைந்த கையோடு, ‘இப்படியே செய்தால் ஆபத்து, ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள்’ என்ற கருத்தையும் எழுதிவைத்தார். உலகம் படத்தைப் பார்த்தது, எழுத்தை வாசிக்கவில்லை. ‘வாட்டர்ஃபால்’ என்று பெயரும் சூட்டிக்கொண்டது. சோதனை ஆகக் கடைசியில் வருவதால், பிழை தெரியும்போது காசும் காலமும் முடிந்திருக்கும். கடைமடை வயற்காரனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

1981-இல் கல்லோயாக் குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளைஞரை இடதுகரை வாய்க்கால்களுக்கு அனுப்பின. கண்டுபிடித்த வழி: வயற்காரரைக் கூட்டிக் கேட்பது! அவர்கள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். கடைமடையும் நனைந்தது.

மென்பொருள்காரருக்கு அந்த ஞானம் 2001-இல் அறிக்கையாக வந்தது, ‘அஜைல்’ என்றார்கள். இப்போது அதற்கு வகுப்பு, பரீட்சை, சான்றிதழ், கட்டணம் எல்லாம் உண்டு. வட்டவிதானையாருக்கு நாங்கள் கொடுத்தது அறுவடையில் கொஞ்சம் நெல்லுத்தான்.