அரைவெளிச்சமும் அரசாங்க வரியும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மங்கல் வெளிச்சத்துக்கென்று ஆங்கிலம் சேர்த்து வைத்திருக்கும் சொற்கள் ஏராளம். டிம், டஸ்க், ட்விலைட், கிளீம், கிளிம்மர், குளோமிங், குளூம், மர்க் என்று பட்டியல் நீள்கிறது. இத்தனையும் சேர்ந்தாலும் ஓர் ஊசியில் நூல் கோக்கப் போதாது. பிறகு எதற்கு இவ்வளவு?

வகைப்பாடு

மினுக் மினுக்கென்று தெரிந்தால் கிளிம்மர். கீற்றாக வந்தால் கிளீம். சுடரில்லாமல் கனன்றால் குளோ. மாலை மங்கினால் டஸ்க். அதே மாலை ஸ்காட்லாந்தில் மங்கினால் குளோமிங். புகையோ பனியோ கலந்து கண்ணை மறைத்தால் மர்க். ஷெட்லாந்து தீவுகளில் நடுக்கோடை இரவு முழுக்க மறையாத வெளிச்சத்துக்கு சிம்மர் டிம் என்றே தனிப்பெயர்.

கருதுகோள்

இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னலுக்கு வரி இருந்தது. அதிகாரிகள் ஜன்னல்களை எண்ணினார்கள். வீட்டுக்காரர்கள் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த அறைக்கு மெழுகுவர்த்தி வேண்டுமே? அதற்கும் 1709 முதல் 1831 வரை வரி. உரிமமின்றி வீட்டில் செய்துகொள்ளவும் தடை. தப்பியது கோரை விளக்கு. கோரையின் தோலை உரித்து, உள்நெட்டியைக் கொழுப்பில் தோய்த்தால் விளக்கு தயார். 1789இல் வெளிவந்த, இயற்கையியலாளர் கில்பர்ட் வைட்டின் கணக்குப்படி கால் பென்னிக்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம்.

ஆக, பகல் வெளிச்சத்துக்கும் வரி, இரவு வெளிச்சத்துக்கும் வரி. இடைப்பட்ட மங்கலுக்கு மட்டும் வரி இல்லை. ஓசியில் கிடைத்ததை இத்தனை பெயர் சூட்டிக் கொண்டாடியதில் வியப்பென்ன?

முதன்மைச் சான்று குளூம். அது முதலில் முகச்சுளிப்பைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில்தான் இருட்டையும் குறிக்கலாயிற்று. முதலில் வரி கட்டுபவரின் முகம் இருண்டது, அப்புறம் வீடு என்பது தெளிவு.

மாற்றுக் கருத்துகளும் மறுப்பும்

வானியலார் வேறு காரணம் சொல்வர். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் முழு இரவு. நடு ஜூனில் லண்டனில் அது சுமார் 15 பாகையோடு திரும்பிவிடுகிறது. அந்தி நீண்டதால் அகராதியும் நீண்டது என்பது அவர்கள் வாதம். வரியைப் பற்றி வாயே திறக்காததால் இவ்வாதம் தள்ளுபடி.

டிம் போன்றவை பழைய ஆங்கிலத்திலேயே இருந்தவை, வரிகளுக்குப் பல நூற்றாண்டு முந்தியவை என்பர் மொழியியலார். உண்மையே. வரப்போகும் வரியை மோப்பம் பிடித்து முன்கூட்டியே தயாரான ஒரு சமூகத்தின் தொலைநோக்கைத்தான் இது காட்டுகிறது.

முடிவு

இன்றைய பிரிட்டனில் ஆறிய சாண்ட்விச்சைப் பொட்டலமாக வாங்கித் தெருவிளக்கடியில் நின்று தின்றால் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதையே உணவகத்தில், மெழுகுவர்த்தி வைத்த மேசையில் உட்கார்ந்து தின்றால் 20 சதவீதம். அரைவெளிச்சத்துக்கும் அரசாங்கம் வழி கண்டுவிட்டது. சொற்களுக்கு மட்டுமே இன்னும் வரியில்லை. நிதியமைச்சகத்தார் கண்ணில் இக்கட்டுரை படாதிருப்பது நல்லது.