சபாசாரை எங்கள் ஊருக்கு அனுப்புமுன்

பெறுநர்: உயர்திரு செயலாளர், பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம், புது தில்லி.

அனுப்புநர்: கிராம சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் கேள்வி கேட்கும் ஆசாமி, தமிழ்நாடு.

நாள்: 20.8.2025

பொருள்: செயற்கை நுண்ணறிவுக்கு எங்கள் ஊர் நடப்பைத் தெரியப்படுத்துதல் தொடர்பாக.

ஐயா,

இம்மாதம் 14-ஆம் தேதி தாங்கள் சபாசார் என்றொரு கருவியை வெளியிட்டதாகச் செய்தித்தாளில் பார்த்தோம். கிராம சபை நடந்த வீடியோவையோ ஆடியோவையோ கொடுத்தால் மினிட்ஸைத் தானே எழுதிவிடுமாம். பாஷிணி துணையிருப்பதால் தமிழும் தெரியுமாம். மறுநாள்தான் எங்கள் ஊரில் சுதந்திர தினக் கிராம சபை. கருவி இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்த இடத்தில் திருதிருவென்று விழிக்கக் கூடாதே என்ற அக்கறையில் எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்த பிறகு மினிட்ஸ் எழுதுவது தங்கள் எந்திரத்தின் பழக்கம் போலிருக்கிறது. இங்கே அந்தச் சோம்பேறித்தனம் கிடையாது. கூட்டத்துக்கு முந்தின நாளே தீர்மானப் புத்தகம் தயார். எல்லாத் தீர்மானமும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது'. ஊர் கூடுவது அதில் கையெழுத்துப் போட. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால்தான் கோரம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச் சொன்னால் அது நிறைந்துவிடும். அவர்கள் வருவார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள், பந்தல் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். மைக் அந்த வரிசைவரை நீளாது. மைக்கில் விழாத குரல் தங்கள் எந்திரத்தின் காதில் எப்படி விழும் என்று தெரியவில்லை. 'பெண்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்' என்று எழுதிவிடும், அதுவும் பொய்யில்லை.

இந்த முறை நான் படிவம் 30 பற்றிக் கேட்டேன். ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் அது, சபைமுன் வைக்கப்பட வேண்டியது. நான் கேட்டதும் மேடையிலிருந்து வந்த பதில்: "டீ வந்திருக்கு, எல்லாரும் எடுத்துக்குங்க." நல்ல டீதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்திரம் இதை எந்தத் தலைப்பில் சேர்க்கும்? 'கணக்கு குறித்து விவாதிக்கப்பட்டது, தேநீர் வழங்கப்பட்டது' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், படிக்கிற தில்லி அதிகாரிக்கு எங்கள் ஊர் ஜனநாயகம் தழைத்துச் செழிப்பதாகத்தான் தோன்றும்.

வீடியோ விஷயம் இதைவிடச் சுவை. எங்கள் ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் ஒவ்வொரு கூட்டத்தையும் கைபேசியில் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துத்தான் தெருவிளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்கிறார்கள். அன்றைக்கும் எடுத்தார்கள். "வீடியோ எடுக்க உனக்கு யாருப்பா பர்மிஷன் கொடுத்தது?" என்று மேடையில் இருந்தவர்கள் விரட்டினார்கள். அதே கூட்டத்தை அதிகாரி எடுத்து, தன் இ-கிராம் ஸ்வராஜ் கணக்கு வழியாக உள்ளே போய் ஏற்றினால் அது தொழில்நுட்பப் புரட்சி. பையன் எடுத்தால் அரசுப் பணிக்கு இடையூறு.

பக்கத்து அமைச்சகத்தின் அனுபவத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு செய்ய ஒரு செயலி கொண்டுவந்து, வேலையிடத்தில் தினம் இரண்டு முறை படம் எடுக்கச் சொன்னார்கள். ஆளுக்குப் பதில் படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று சென்ற ஜூலையில் அவர்களே சுற்றறிக்கை விட நேர்ந்தது. நாளைக்குப் பழைய கிராம சபை ஆடியோவையே திரும்ப ஓட்டினால் சபாசார் கண்டுபிடிக்குமா? எங்களுக்கே கடினம்தான், எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மினிட்ஸில் 'தலைவர்' என்ற இடத்தில் எந்திரம் யார் பெயரைப் போடும்? 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. 28 மாவட்டங்களில் இப்போது தனி அலுவலர் ஆட்சி. பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன் தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ பிரிவு சொல்கிறது. நாங்கள் அதை இலக்கியமாக வாசிக்கப் பழகியவர்கள். 2016-இல் பதவிக்காலம் முடிந்தபோது ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையும் நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரையும் காத்திருந்தோம். தேர்தல் நடத்துவது மாநிலத்தின் பொறுப்பு, தங்கள் குற்றமில்லை என்பது தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை பார்க்காத கல்யாணத்துக்கு வீடியோக்காரருக்கு முன்பணம் கொடுத்த கதையாக இருக்கிறது.

தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர். தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள், ஊராட்சிகளோ 12,500-க்கு மேல். வகுத்துப் பாருங்கள், தலைக்கு முப்பதுக்கு மேல் வரும். ஆகஸ்ட் 15 எல்லா ஊருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது, கூட்டமும் ஒரே நேரத்தில்தான். மினிட்ஸ் எழுதும் எந்திரத்தைவிட அவரை முப்பது பேராகப் பெருக்கும் எந்திரம்தான் அவசரத் தேவை.

எப்படியும் அனுப்பத்தான் போகிறீர்கள். அப்படியானால் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து அனுப்புங்கள். எழுதிய மினிட்ஸ் தில்லிக்குப் போகும் அதே மாலையில் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவுக்கும் வரட்டும். கேள்வி கேட்டவர் பெயருக்குப் பக்கத்தில், பதில் சொல்லாமல் டீ கொடுத்தவர் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்ன கதியாயின என்பதை வாசித்துக் காட்டாமல் அடுத்த கூட்டத்தைப் பதிவு செய்ய எந்திரம் மறுக்கட்டும். கடைசி மாற்றம் கடினம் என்றால், வாயைத் திறக்காமல் அடம் பிடிக்க மட்டுமாவது கற்றுக்கொடுங்கள். அதற்கு எங்கள் ஊரில் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
கடைசி வரிசை ஆசாமி

நகல்: 1. மாநிலத் தேர்தல் ஆணையம், சென்னை – நினைவூட்டலுக்காக.
2. தனி அலுவலர் – எங்கள் ஊருக்கு எப்போது வந்தாலும் கொடுக்கப்படும்.
3. வீடியோ எடுக்கும் பையன்கள் – பர்மிஷன் கேட்காமல் பகிர்ந்துகொள்ள.