அடையாள அட்டைக்கு டை பூச முடியாது

கேள்வி: நாற்பத்தைந்து தாண்டியும் தலைக்கு டை பூசி இளமை காட்டுவது ஊரை ஏமாற்றும் வேலைதானே? (வாசகர், ஜெயபுரம், வன்னி)

பதில்: ஏமாற்ற வேண்டுமென்றால் ஏமாற ஓர் ஆள் வேண்டும். ஜெயபுரத்தில் அப்படி ஒருவரை எங்கே பிடிப்பது? யார் யாரோடு எந்த வகுப்பில் படித்தார், போரின் எந்த இடப்பெயர்வில் யார் கைக்குழந்தை என்பதெல்லாம் ஊருக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு அரசாங்கமும் காட்டிக்கொடுக்கிறது. இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கம் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்களோடுதான் தொடங்கும். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாகவே முன்னால் நிற்கும். கிராம அலுவலரிடம் அந்த இலக்கத்தை ஒப்புவித்துவிட்டுக் கறுத்த தலையோடு நிற்பவர் எந்த வயதை மறைத்தார்? தலைமயிரும் ஒத்துழைப்பதில்லை. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். மூன்றாம் கிழமையே வகிட்டில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும்.

புறநானூற்றின் 191ஆம் பாட்டைப் பாருங்கள். இத்தனை ஆண்டுகள் ஆகியும் நரைக்கவில்லையே, எப்படி என்று புலவர் பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று அவர் காரணம் அடுக்குகிறார். பட்டிமன்றங்களில் பதிலைத்தான் வியப்பார்கள். எனக்குக் கேள்வியே பெரிதாகப் படுகிறது. வயது தெரியாதவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். பிசிராந்தையார் டை பூசியவரல்லர். ஆனால் அந்தக் கறுத்த தலை வயதை மறைக்காமல் வயதைப் பற்றிய பேச்சையே கிளப்பியிருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வர்ணம் அடித்தால், இந்த வருடம் கட்டிய வீடென்று யாரும் நம்புவதில்லை. வீட்டைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். டையும் அந்த வகை அலங்காரம். தன்னை இருபத்தைந்து என்று நினைப்பார்கள் என நம்பிப் பூசுகிறவர் ஏமாற்றுவது தன்னை மட்டும்.

கேள்வி: வன்னியில் பலரின் நரை போர் தந்தது. அதை மறைப்பது பட்டதை மறைப்பதாகாதா?

பதில்: கனமான ஆட்சேபம், அரைகுறையாகத் தள்ளிவிட முடியாது. 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள்: கடும் அழுத்தத்தின்போது நரம்புகள் சுரக்கும் நோரட்ரினலின், மயிர்க்காலில் நிறம் தரும் கலங்களின் கையிருப்பைத் தீர்த்துவிடுகிறது, பிறகு முளைப்பது வெள்ளைதான். ஆனால் மனிதர் நரைப்பதில் பரம்பரைக்கும் வயதுக்கும் பெரும் பங்குண்டு. ஒரு தலையைப் பார்த்து இந்த நரை இறுதிப் போர் நடந்த மாத்தளன் தந்தது, இது பாட்டனார் தந்தது என்று எந்த வைத்தியராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே பிரிக்க முடிந்தாலும், பட்டவர் அதைத் தலையில் காட்சிக்கு வைத்திருக்க வேண்டுமென்று கேட்க மற்றவருக்கு என்ன உரிமை? 2009இன் அந்தப் போரை நினைவில் வைத்திருக்க வெள்ளை மயிர் தேவைப்படுகிறவர் வன்னியில் எவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர்வாய் ஆண்களின் டையைப் பகிடியோடு விட்டுவிடும். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண் பூசினால் மட்டும் “யாருக்காக?” என்று விசாரணை தொடங்கும். 2011இல் ‘மங்காத்தா’வில் அஜித் நரைத்த தலையோடு வந்தார், நரையே நாகரிகமாயிற்று. அதே நரையோடு ஒரு கதாநாயகியைக் காட்டத் தமிழ் சினிமாவுக்குத் துணிவு எளிதில் வருவதில்லை. பெண்ணுக்கு நரைத்தால் கிழவி, பூசினால் சந்தேகம். ஏமாற்று என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்தச் சந்தேகத்துக்குப் போட்ட மரியாதையான சட்டை.

கேள்வி: டை ஆபத்து என்கிறார்களே? மருதோண்டி போதாதா?

பதில்: டைக்கு எதிரான நியாயமான வாதம் இது ஒன்றுதான். 1907இல் பாரிஸ் இரசாயனவியலாளர் யூஜீன் ஷூலேர் செயற்கைச் சாயத்தைக் கடைச்சரக்காக்கிய நாள் முதல் அடிப்படை பெரிதாக மாறவில்லை. காரப்பொருள் மயிரின் மேற்செதில்களைத் திறக்கும். ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ளே போன சிறு மூலக்கூறுகளை நிறமாகக் கோக்கும். கறுப்புக்குப் பெரும்பாலும் பொறுப்பு பிபிடி என்ற பராபெனிலீன்டயமின். சிலருக்கு அது ஒவ்வாமல் தலை அரித்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரி வரை போக நேரும். முன்பு ஒன்றும் செய்யாத டை பத்தாம் முறை கடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணித்தியாலம் பார்ப்பது நல்லது. மருதோண்டி தனியே செம்மஞ்சள்தான் தரும். அவுரி சேர்க்காத “இயற்கை மருதோண்டி” சில நிமிடங்களில் கருகருவென்று ஆக்கினால், பெட்டிக்குள் பிபிடி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மீசைக்கும் பூசலாமா?

பதில்: மீசைக்கென்றே பெட்டியில் எழுதியிருந்தால் பூசலாம். புருவத்துக்கும் இமைக்கும் கூடவே கூடாது, கண்ணுக்கு ஆபத்து. தலை கறுத்து மீசை மட்டும் வெளுத்திருப்பது பொறுக்கவில்லையென்றால், சலூனில் அதைவிட மலிவான வைத்தியம் ஒன்று இருக்கிறது: சவரம்.