குப்பை பிரித்தல்: செக்காலை முறை

வீட்டுக் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். காரைக்குடி செக்காலை வீடுகளில் நான்காவது வகை ஒன்று உண்டு: 'இருக்கட்டும்' குப்பை.

இதில் முதலிடம் கேரி பேக்குக்கு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஜவுளிக்கடைக் கவர் தொங்கும். அதற்குள் மளிகைக்கடைக் கவர், அதற்குள் நான்காய் மடித்த பழக்கடைக் கவர், எல்லாவற்றுக்கும் அடியில் மருந்துக்கடைக் கவர். தேவைப்படும் அளவு மட்டும் எப்போதும் கிடைக்காது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்த ஆணிக்கு மட்டும் விலக்கு. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பைகளும் மடிக்கப்பட்டு அதே கவருக்குள் போயின. கடைக்குப் போகையில் கையை வீசிக்கொண்டுதான் போவது.

அடுத்தது பிரியாணி டப்பா. ஒன்றில் கடுகு, ஒன்றில் ஊசி நூல், மீதியில் ஒன்றுமில்லை. மூடி தனி, டப்பா தனி. ஒன்றுக்கொன்று பொருந்தாது, இரண்டையும் எறிய மனம் வராது. பக்கத்து வீட்டுக்குப் பாயசம் போனால் டப்பா திரும்பாது, அந்த வருத்தம் தீபாவளி வரை இருக்கும்.

இப்படி எறியாமல் சேர்த்து வைப்பதற்கு ஊரிலேயே ஆதாரமும் காட்டுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கழித்த எனாமல் தூக்கும் தேக்குத் தூணும் முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலைக்குப் போகின்றன. ஆகவே தயிர் டப்பாவும் ஒருநாள் போகுமாம். பழைய பேப்பர்க்காரரே அதைத் தொடுவதில்லை.

எறிய வேண்டியதோ பிரியாமல் போகிறது. நேற்றுக் காலையும் பாட்டுப் போட்டபடி பேட்டரி வண்டி வந்து நின்றது. வீட்டிலிருந்து வந்தது ஒரே கவர்: முருங்கைச் சக்கை, டயப்பர், சவர பிளேடு, மேலே மறைப்பாக ஒரு பால் பாக்கெட்.

"ஆச்சி, பிரிச்சுக் குடுக்கச் சொன்னோம்ல?"

"நீயே பாத்துப் போட்டுக்க தாயி. அடுப்புல பால் இருக்கு."

பாலுக்கு அவசரம், பிளேடு இருக்கும் கவருக்குள் கையை விட வேண்டியவர் தூய்மைப் பணியாளர். வண்டியைத் தவறவிட்டவர்களுக்குப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் மதிலோரம் இருக்கவே இருக்கிறது.

குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லித் துண்டுப் பிரசுரமும் வருவதுண்டு. அதைப் படித்த பிறகு எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நாம பிரிச்சுக் குடுத்து என்ன, அங்க போய் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க!" இதைச் சொல்பவர் இதுவரை ஒருநாளும் பிரித்துக் கொடுத்ததில்லை.